வீட்டுக்காரர் கேஸைக் கவனிக்கவில்லையா? வாடகைக்கு இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாய்லர் விட்டு விட்டு எரிகிறது. கேஸ் அடுப்பான ஹாப்பில் நீலமாக இருக்க வேண்டிய தீ மஞ்சளாகத் தெரிகிறது. வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப் போட்டால் "பார்க்கலாம் தம்பி" என்று பதில் வருகிறது. இங்கிலாந்தில் வாடகைக்கு இருக்கும் நம் ஆட்களில் பலர் இதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை. வீட்டுக்காரரும் தமிழராக இருந்துவிட்டால் முகதாட்சண்யம் வேறு சேர்ந்துகொள்ளும். வந்த புதிதில் அறை கொடுத்து உதவியவர், ஊர்க்காரர், அவரிடம் போய் எப்படிக் கேஸ் சோதனைப் பேப்பர் கேட்பது?

கேட்கத்தான் வேண்டும். அதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. கேஸ் விஷயத்தில் வாடகைக்கு இருப்பவருக்கு இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்று, இப்போதே இருக்கும் ஆபத்திலிருந்து தப்புவது. அதற்கு வீட்டுக்காரர் தேவையே இல்லை. இரண்டு, அவர் செய்ய வேண்டியதைச் சட்டப்படி செய்ய வைப்பது. அதற்கு எழுத்து வேண்டும். போனை எடுத்து அவசர எண்ணை அழைக்க வேண்டிய நேரத்தில் வீட்டுக்காரருக்கு மெசேஜ் தட்டிக்கொண்டிருப்பதும், எழுதி வைக்க வேண்டிய இடத்தில் வாய்ப்பேச்சோடு விட்டுவிடுவதும்தான் பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம்.

வாடை வந்ததும் வீட்டுக்காரரை அழைப்பது

கேஸ் வாடை வந்தால் முதல் அழைப்பு 0800 111 999க்குப் போக வேண்டும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொதுவான தேசிய கேஸ் அவசர எண் இது. 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது. வீட்டுக்காரரின் அனுமதியோ ஏஜென்டின் அனுமதியோ வேண்டியதில்லை. சொந்த வீடா, வாடகை வீடா என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அழைப்பதற்கு முன் கதவு, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்கே வரும்படி திருப்பினால் கேஸ் நின்றுவிடும். மீட்டர் நிலவறையில் இருந்தால் மட்டும் அங்கே இறங்க வேண்டாம். லைட் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ கூடாது, தீக்குச்சி கூடாது. வெளியே போய் நின்று போன் செய்யுங்கள். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். பல வீடுகளில் அது படிக்கட்டுக்கு அடியில் பழைய செருப்புகளுக்கும் சூட்கேஸ்களுக்கும் பின்னால் ஒளிந்திருக்கும்.

வாடை வருவது ஒருவகையில் அதிர்ஷ்டம்தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கேஸ் சரியாக எரியாதபோதும், புகை வெளியேறும் குழாய் அடைபடும்போதும் அது வீட்டுக்குள் சேர்கிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், மூச்சு வாங்குவது, காரணமில்லாத அசதி ஆகியவை அதன் அறிகுறிகள். குளிர்காலத்தில் இதை ஃப்ளூ என்று நினைத்து பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடுகிறோம், அதுவும் அதே பாய்லர் ஓடும் வீட்டுக்குள்ளேயே. வெளியே போனால் தலைவலி குறைகிறதா, வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் அதே தொந்தரவு இருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் கேஸ் கருவிகளை அணைத்துவிட்டு வெளியேறி அதே எண்ணை அழையுங்கள். யாராவது மயங்கிவிட்டால் ஆம்புலன்சுக்கு 999. மருத்துவரிடம் போகும்போது கார்பன் மோனாக்சைடு சந்தேகம் என்று நீங்களே சொல்லிவிட வேண்டும். நல்ல காற்றைச் சுவாசிக்கத் தொடங்கியதும் இரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடும் என்பதால், தாமதமாகப் போனால் பரிசோதனையில் தெரியாமலே போகலாம்.

மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் சோம்பலாக எரியும் தீ, பாய்லரைச் சுற்றிக் கறுப்பு அல்லது பழுப்புக் கறை, பாய்லரைப் பற்றவைக்கச் சிறிதாக எரியும் பைலட் விளக்கு அடிக்கடி அணைந்துபோவது, ஜன்னல் கண்ணாடியில் வழக்கத்துக்கு மேல் நீர் கோப்பது போன்றவை உடம்புக்குத் தெரிவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள்.

"அழைத்தால் கேஸையே நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள், குளிரில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது" என்று தயங்குகிறவர்கள் உண்டு. உண்மைதான், நிறுத்தத்தான் செய்வார்கள். வருகிறவரின் வேலை ஆபத்தை நீக்குவது. உங்கள் பாய்லரைப் பழுது பார்த்துத் தர மாட்டார். ஆனால் வெப்பமூட்டும் அமைப்பையும் சுடுநீரையும் சரியாக வைத்திருப்பது 1985ஆம் ஆண்டின் வீட்டுக்காரர் - வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி வீட்டுக்காரரின் கடமை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும் அது மாறாது. கேஸ் நிறுத்தப்பட்டது என்பதே உங்கள் கையில் ஒரு வலுவான ஆதாரம். அன்றைக்கே அவருக்கு எழுதி, சரிசெய்யும் வரை மின்சார ஹீட்டர் கேளுங்கள். இடைப்பட்ட நாளில் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிடாதீர்கள். அதிலிருந்து வருவதும் அதே நச்சு வாயுதான்.

"பேப்பர் எல்லாம் இருக்கு" என்ற வார்த்தையை நம்பிவிடுவது

1998ஆம் ஆண்டின் கேஸ் பாதுகாப்பு விதிமுறைகளின் 36ஆவது விதி சொல்வது இதுதான்: வீட்டுக்காரர் தன் கேஸ் கருவிகளையும் புகைபோக்கிகளையும் 12 மாதத்துக்கு ஒருமுறை கேஸ் சேஃப் ரெஜிஸ்டர் என்ற அதிகாரப்பூர்வப் பட்டியலில் பதிவு செய்த பொறியாளரை வைத்துச் சோதிக்க வேண்டும். சோதனை முடிந்த 28 நாளுக்குள் அந்தப் பதிவின் நகலை ஏற்கெனவே குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். புதிதாக வருகிறவருக்குக் குடி வருவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். இதற்கான செலவும் பொறுப்பும் அவருடையவை. "பாய்லர் பரிசோதனையை வாடகைதாரர் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அந்தக் கடமை உங்கள் தலையில் வந்துவிடாது.

ஏஜென்டுகளும் பொறியாளர்களும் இந்தப் பேப்பரை இன்னும் சி.பி.12 என்றுதான் சொல்வார்கள். கோர்கி என்ற பழைய பதிவு அமைப்பு இருந்த காலத்துப் பெயர் அது. 2009 ஏப்ரல் 1 முதல் பிரிட்டனில் அந்த இடத்துக்குக் கேஸ் சேஃப் ரெஜிஸ்டர் வந்துவிட்டது. பெயர் ஒட்டிக்கொண்டதில் தவறில்லை. ஆனால் "நான் கோர்கி" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால் கதவைத் திறப்பதற்கு முன் கார்டைக் கேளுங்கள். கார்டின் முன்பக்கத்தில் படமும் காலாவதித் தேதியும் இருக்கும். பின்பக்கத்தில் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று எழுதியிருக்கும். பின்பக்கத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. குக்கர் வேலைக்கு மட்டும் தகுதி உள்ளவர் பாய்லரைத் தொடக் கூடாது. எண்ணைக் கேஸ் சேஃப் இணையதளத்தில் போட்டும் பார்க்கலாம், 0800 408 5500இல் கேட்டும் பார்க்கலாம்.

பேப்பர் கைக்கு வந்ததும் ஃபைலில் போட்டுவிடுவது அடுத்த தவறு. படியுங்கள். முகவரி உங்கள் வீட்டுடையதா? சோதனைத் தேதி என்ன? பொறியாளரின் பெயர், பதிவு எண், கையெழுத்து இருக்கின்றனவா? வீட்டில் பாய்லர், ஹாப், கேஸ் ஃபயர் என்று மூன்று கருவி இருக்கும்போது பேப்பரில் பாய்லர் மட்டும் இருந்தால் மற்ற இரண்டையும் யார் பார்த்தது? குறைகள் எழுதும் கட்டத்தில் ஏதாவது குறித்திருக்கிறதா? பேப்பர் இருப்பதாலேயே எல்லாம் பாஸ் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. "உடனடி ஆபத்து" என்றோ "ஆபத்துக்கு வாய்ப்பு" என்றோ ஒரு கருவியைப் பற்றி எழுதியிருந்தாலும் அது முறையான பதிவுதான். வீட்டுக்காரர் சோதனை செய்யும் கடமையை முடித்துவிட்டார், பழுது பார்க்கும் கடமை இன்னும் பாக்கி இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அப்படிக் குறித்த கருவியைச் சரிசெய்யும் வரை யாரும் பயன்படுத்தக் கூடாது.

இந்தச் சோதனையும் பாய்லர் சர்வீஸும் ஒன்றல்ல. காருக்கு எம்.ஓ.டி. என்ற வருடாந்தரச் சோதனை எடுப்பது வேறு, சர்வீஸ் விடுவது வேறு என்பது போலத்தான். சர்வீஸ் ரசீதை நீட்டி "இதோ கேஸ் பேப்பர்" என்று சொன்னால் ஏற்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 2018 ஏப்ரல் முதல், கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே சோதனை செய்துவிட்டுப் பழைய கெடுத் தேதியையே அடுத்த ஆண்டுக்கும் வைத்துக்கொள்ள வீட்டுக்காரருக்கு அனுமதி இருக்கிறது. அதனால் இரண்டு சோதனைகளுக்கு நடுவே 12 மாதத்துக்குச் சற்று மேல் இடைவெளி தெரிந்தால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம், போன வருடப் பேப்பரையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அலாரம் இருக்கிறதே என்று இருந்துவிடுவது

2022 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் தனியார் வாடகை வீடானாலும் கவுன்சில் வீடானாலும், பாய்லர் அல்லது கேஸ் ஃபயர் போல நிலையாகப் பொருத்திய எரிகருவி உள்ள ஒவ்வொரு வசிப்பறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். பழுது என்று சொன்னால் வீட்டுக்காரர் மாற்றித் தர வேண்டும். கவுன்சில் நோட்டீஸ் கொடுத்தும் கேட்காவிட்டால் 5,000 பவுண்டு வரை அபராதம் வரலாம்.

இதில் கேஸ் குக்கருக்கு விதிவிலக்கு கொடுத்திருக்கிறார்கள். அதாவது வீட்டில் கேஸ் அடுப்பு மட்டும் இருந்தால் அலாரம் கட்டாயமில்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை. பர்னரை மூடும் அளவுக்கு அகலமான பாத்திரத்தை ஏற்றி மணிக்கணக்கில் சமைக்கும் வீடுகளில் காற்றுப் போதாமல் தீ அரைகுறையாக எரிய வாய்ப்பு உண்டு. விதிவிலக்கு அலாரத்துக்கு மட்டும்தான் என்பதையும் மறக்க வேண்டாம். வீட்டுக்காரர் கொடுத்த குக்கரும் வருடாந்தரச் சோதனைக்குள் வந்தே ஆக வேண்டும். நீங்களே வாங்கி வைத்த குக்கராக இருந்தால் அதைச் சோதிப்பது உங்கள் பொறுப்பு. அப்போதும் சுவருக்குள் போகும் குழாய் அவருடையது.

அப்புறம், கார்பன் மோனாக்சைடு அலாரம் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்காது. புகை அலாரம் கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்காது. கூரையில் வெள்ளையாக ஒரு வட்டம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாமல், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

நாமே செய்யும் வினைகள்

தெரிந்த ஒருவரை வைத்துக் கேஸ் வேலை பார்ப்பது இதில் முதலில் வரும். பதிவு இல்லாதவர் கேஸ் வேலை செய்வது சட்டப்படி குற்றம், அவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் சரி. வீட்டுக்காரர் அனுப்பினாலும் சரி, நீங்கள் கூப்பிட்டாலும் சரி.

குளிர் காற்று வருகிறது என்று சுவரில் இருக்கும் காற்றுத் துளையைத் துணியாலோ டேப்பாலோ அடைப்பதும் பரவலாக நடக்கிறது. அந்தத் துளை கருவிக்குக் காற்றுப் போவதற்காக வைத்திருக்கலாம். பாய்லரின் புகைக்குழாய் வெளியே வரும் இடத்தில் சாமான்களைக் குவிப்பதும் அப்படித்தான்.

பொறியாளர் வரும்போது கதவைத் திறக்காமல் இருப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வேலை, ஷிப்ட், வீட்டில் பெண்கள் மட்டும் இருப்பது என்று காரணம் ஆயிரம் இருக்கும். வீட்டுக்காரர் சாதாரணமாக 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும், கதவை உடைத்து நுழைய முடியாது. ஆனால் நீங்கள் தேதி மாற்றிக்கொண்டே போனால், தாம் முயன்றும் உள்ளே விடவில்லை என்று அவர் பதிவு சேர்த்துக்கொள்வார். நாளைக்கு விசாரணை என்று வந்தால் அந்தப் பதிவு அவரைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. நேரம் ஒத்துவராவிட்டால் உங்களுக்கு வசதியான இரண்டு மூன்று தேதிகளை நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள்.

கோபத்தில் வாடகையை நிறுத்துவது

"அவன் பாய்லரைச் சரிபண்ணட்டும், அப்புறம் காசு தருகிறேன்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரர் கடமை தவறியது ஒரு கணக்கு, நீங்கள் வாடகை தராதது இன்னொரு கணக்கு. மூன்று மாத பாக்கி சேர்ந்துவிட்டால் அதையே கட்டாயக் காரணமாக வைத்து உங்களை வெளியேற்ற வழக்குப் போடலாம். பழுதுச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ள ஒரு வழிமுறை இருக்கிறது. ஆனால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பது, மதிப்பீடுகள் வாங்கி அனுப்புவது, அவகாசம் கொடுப்பது என்று படிப்படியாகப் போக வேண்டிய வழி அது. ஆலோசனை இல்லாமல் இறங்க வேண்டாம். வீட்டுப் பிரச்சினைகளுக்கு உதவும் ஷெல்டர் அமைப்பின் எண் 0808 800 4444, பொது ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் எண் 0800 144 8848. இரண்டும் இலவசம்.

எழுதாமல் விடுவதும், தவறான இடத்தில் எழுதுவதும்

போனில் பேசினால் பேசிய அன்றே மெசேஜாகவோ இ-மெயிலாகவோ உறுதிப்படுத்துங்கள். பெரிய ஆங்கிலம் தேவையில்லை. "இந்தத் தேதியில் இதைப் பார்த்தேன், படம் இணைத்திருக்கிறேன், கடைசிக் கேஸ் சோதனைப் பதிவின் நகலை இந்தத் தேதிக்குள் அனுப்புங்கள், பதிவுபெற்ற பொறியாளரை அனுப்புங்கள்." இதைச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் எழுதினால் போதும். "எப்போது முடிகிறதோ அப்போது பாருங்கள் அண்ணா" என்று முடித்துவிட்டால் அவசரம் எதுவும் இல்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும்.

வாடகையை யாரோ ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போகிறார், உண்மையான வீட்டுக்காரர் யாரென்றே தெரியாது என்றால், வாடகை வாங்குகிறவரிடமே எழுத்தில் கேளுங்கள். 1985 சட்டத்தின் முதல் பிரிவுப்படி 21 நாளுக்குள் வீட்டுக்காரரின் பெயரையும் முகவரியையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இருப்பது குற்றம். எழுதிய ஒப்பந்தம் இல்லை, ரொக்கமாகத் தருகிறேன் என்பதெல்லாம் உங்கள் உரிமையை அழித்துவிடாது. விசாவுக்கும் கேஸ் சோதனைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

கெடு தாண்டியும் பதில் இல்லையா? சோதனையே நடக்கவில்லை, பதிவைத் தரவில்லை என்றால் ஹெச்.எஸ்.இ. எனப்படும் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகத்திடம் போக வேண்டும். வழக்கு நிரூபணமானால் எல்லையில்லாத அபராதமும் சிறையும் வரைக்கும் போகும். பாய்லர் ஆபத்தாக இருக்கிறது, வெப்பம் இல்லை, அலாரம் இல்லை என்றால் உங்கள் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு. 2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி அவர்கள் வந்து பார்த்து, சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். பதிவில்லாத ஆள் கேஸ் வேலை செய்துவிட்டுப் போனார் என்றால் கேஸ் சேஃப் ரெஜிஸ்டர். கவுன்சில் வீட்டிலோ ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ இருந்தால் முதலில் அவர்களுடைய புகார் முறை, பிறகு வீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஹவுசிங் ஆம்புட்ஸ்மன். 2025 அக்டோபர் 27 முதல் இப்படிப்பட்ட சமூக வீடுகளில் உடனடி ஆபத்துகளை 24 மணி நேரத்துக்குள் பார்த்துப் பாதுகாப்பாக்க வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது.

கேஸ் பேப்பர் இல்லை என்பதற்காக மட்டும் கட்டிய வாடகையைத் திரும்பப் பெற முடியாது. கவுன்சில் கொடுத்த அந்த நோட்டீஸை வீட்டுக்காரர் மதிக்காமல் விட்டால், அப்போது ட்ரிப்யூனல் எனப்படும் தீர்ப்பாயத்தில் வாடகையைத் திரும்பக் கேட்கும் வழி திறக்கும். கவுன்சிலை அழைக்காமல் நேரே இழப்பீட்டைப் பற்றி யோசிப்பவர்கள் இந்தப் படியைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

வெளியே அனுப்பிவிடுவார் என்ற பயம்

இந்தப் பயம் கற்பனை இல்லை. காரணமே சொல்லாமல் காலி செய்யச் சொல்லும் 21ஆம் பிரிவு நோட்டீஸ் நீண்ட காலம் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. 2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், இங்கிலாந்தின் தனியார் வாடகை வீடுகளில் 2026 மே 1 முதல் அந்த முறையை ஒழிக்கிறது. அதன்பின் சட்டம் ஏற்கும் ஒரு காரணத்தைச் சொல்லித்தான் நோட்டீஸ் கொடுக்க முடியும். வீட்டை விற்கப் போகிறேன் என்று காரணம் சொன்னால் நான்கு மாத அவகாசம் தர வேண்டும், அதற்குப் பிறகு 12 மாதம் அதை வாடகைக்கு விட முடியாது. பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே எறிவது, போகட்டும் என்று கேஸையோ மின்சாரத்தையோ துண்டிப்பது எல்லாம் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஸ்காட்லாந்து, வேல்ஸில் கேஸ் சோதனை விதி இதேதான் என்றாலும் குடியிருப்புச் சட்டங்கள் வேறு. வடக்கு அயர்லாந்துக்குத் தனி விதிகள்.

ஆனால் வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்து, சமையலறையைப் பகிர்ந்துகொண்டு ஒரு அறையில் தங்கியிருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாது. நியாயமான அவகாசம் கொடுத்துப் போகச் சொன்னால் போக வேண்டியதுதான். நம் மாணவர்களில் பலர் இருப்பது இப்படித்தான். வருடாந்தரக் கேஸ் சோதனை அவர்களுக்கும் உண்டு, ஏனென்றால் வீட்டுக்குள் அறை வாடகைக்கு விடுபவரையும் 1998 விதிகள் விட்டுவைக்கவில்லை. உரிமை இருந்தும் அதைக் கேட்டால் அறை போய்விடும் என்ற இந்த நிலைக்குச் சுலபமான தீர்வு இல்லை. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அறை பார்க்கப் போகும் நாளிலேயே, முன்பணம் கொடுப்பதற்கு முன், பேப்பரைக் கேளுங்கள். ஏற்கெனவே குடியிருந்தால் வேறு அறை பார்த்துக்கொண்டே கேளுங்கள். அதுவரைக்கும் பி.எஸ். இ.என். 50291 என்ற தர எண் அச்சிட்ட கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கி, அதன் கையேட்டில் சொன்ன இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது அதையும் எடுத்துக்கொண்டு போகலாம்.